பெயரை மட்டும் சொல்லாதீர்கள், டப்பாவைக் காட்டுங்கள்

பூம்பாறையில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார் ஒரு விவசாயி. ஒரு வாரம் விடாமல் மூட்டமும் சாரலுமாக இருந்தது. இலை ஓரங்களில் கருப்புத் திட்டுகள் தெரிய ஆரம்பித்தன. கருகல் நோய் என்பது அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாலு நாள் விட்டால் வயலே வெந்நீர் ஊற்றியதுபோல் ஆகிவிடும். காலை பஸ்ஸில் கொடைக்கானலுக்குப் புறப்பட்ட மச்சினனிடம் சொல்லிவிட்டார்: "மாப்ளே, போன வருஷம் அடிச்ச பவுடரு. மெட்ரின்னோ மெட்டான்னோ ஆரம்பிக்கும். கிழங்குக்குன்னு சொல்லு, கடைக்காரரு குடுத்துருவாரு."

சாயங்காலம் பாக்கெட் வந்தது. மறுநாள் விடிந்ததும் அடிக்க வேண்டும் என்று ஸ்பிரேயரையும் கழுவி வைத்துவிட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இதுல களைக்கொல்லின்னு போட்டிருக்கு."

"கிழங்குக்குன்னுதானம்மா வாங்கியாரச் சொன்னேன்."

"கிழங்குன்னும் போட்டிருக்குப்பா. ஆனா, கிழங்கு வயல்ல வர்ற களைக்குன்னு போட்டிருக்கு."

அவருக்கு வேண்டியது மெட்டலாக்சிலும் மான்கோசெப்பும் கலந்த பூசணக்கொல்லி. வந்திருந்தது மெட்ரிபூசின் என்ற களைக்கொல்லி. இரண்டும் தண்ணீரில் கரைத்து அடிக்கும் தூள். இரண்டும் உருளைக்கிழங்கில் பயன்படுபவை. இரண்டு பெயரும் 'மெட்' என்றுதான் தொடங்குகின்றன. கேட்டவரும் பொய் சொல்லவில்லை, கொடுத்தவரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் விடிந்ததும் அதை அடித்திருந்தால் நன்றாக நின்ற செடிகளும் மஞ்சளித்துக் கருகியிருக்கும். சாரல் காற்றில் கீழ்ப்படி வயலில் நின்ற பக்கத்துக்காரரின் பீன்ஸுக்கும் கேடு வந்திருக்கும். அந்த ஆண்டின் வெள்ளாமையைக் காப்பாற்றியது, ஒரு பள்ளிக்கூடப் பெண் சிறிய எழுத்தைப் படித்ததுதான்.

வீட்டுச் சாமானில் தவறு இல்லை

பெயரை மாற்றிச் சொல்வது நம் வீடுகளில் புதிதல்ல. ஹார்லிக்ஸை 'ஆர்லிக்ஸ்' என்கிறோம். எந்தக் கம்பெனி சோப்புத்தூள் வாங்கினாலும் 'சர்ஃப்' என்கிறோம். எந்தப் பற்பசையும் 'கோல்கேட்', எந்த நகலும் 'ஜெராக்ஸ்', எந்த வனஸ்பதியும் 'டால்டா'. போர்ன்விட்டாவைச் சரியாகச் சொல்லும் பாட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது இங்கிலாந்தில் போர்ன்வில் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது என்பது நம் பாட்டிக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ் நாவுக்கு 'ஹ' பழக்கமில்லை, 'ஃப' பழக்கமில்லை, சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வருவதும் பழக்கமில்லை. அதனால்தான் 'ஸ்க்ரூ' நம்மிடம் 'இஸ்குரு' ஆனது. கம்பெனிக்காரர்களே பெயரோடு விளையாடியவர்கள்தான். 'டாடா' என்ற வெளிநாட்டு நிறுவனத்தின் (நம் ஊர் டாட்டா அல்ல) பெயருக்கு நடுவே லீவர் நிறுவனம் தன் முதலெழுத்தான 'ல்' என்பதைச் செருகியதில்தான் 'டால்டா' பிறந்தது. 1937-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த அந்தப் பச்சை மரம் போட்ட டப்பா, பொருளின் பெயரையே விழுங்கிவிட்டது.

மளிகைக் கடையில் இதனால் நட்டம் இல்லை. சர்ஃப் கேட்டு வேறு தூள் வந்தால், துணி கொஞ்சம் கூடவோ குறையவோ வெளுக்கும், அவ்வளவுதான். இதே பழக்கத்தோடு மருந்துக் கடைக்குப் போகும்போதுதான் ஆபத்து.

பால்டாயில் சொல்லும் பாடம்

கிராமத்தில் பூச்சிமருந்து என்றாலே 'பால்டாயில்' என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதன் உண்மையான பெயர் ஃபாலிடால். பாரத்தியான் என்ற கொடிய நஞ்சு அடங்கிய மருந்துக்கு ஒரு கம்பெனி வைத்த வணிகப் பெயர் அது. நம் நாவில் 'ஃபா' என்பது 'பா' ஆனது. தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும், கையில் பட்டால் எண்ணெய்போல் பிசுக்கும். 'பால்' என்றும் 'ஆயில்' என்றும் காதில் விழுந்ததில் ஆச்சரியமில்லை.

1958-ல் கேரளத்தில் இந்த ஃபாலிடாலால் பெரிய துயரம் நடந்தது. கப்பலில் உணவுப் பொருட்களோடு சேர்த்து ஏற்றிவந்த மருந்து கசிந்து, அந்த உணவைச் சாப்பிட்டவர்களில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டையே உலுக்கிய அந்தச் சம்பவத்தின் விளைவாகத்தான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-ல் அதன் விதிகளும் வந்தன. இன்று டப்பாவின் மேல் நாம் பார்க்கும் முக்கோணக் குறி, நச்சுமுறிவு பற்றிய குறிப்பு எல்லாம் அந்தச் சட்டமும் விதிகளும் கொடுத்தவை. மீத்தைல் பாரத்தியானையும் மத்திய அரசு 2018-ல் தடை செய்துவிட்டது.

மருந்து போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்று ஒருவர் 'பால்டாயில்' என்று சொன்னால் அது ஃபாலிடாலாக இருக்க வழியே இல்லை. குயினால்பாஸாக இருக்கலாம், புரபனோபாஸாக இருக்கலாம், களைக்கொல்லியாகக்கூட இருக்கலாம். இது ஏன் முக்கியம் என்றால், மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

மருந்து அடிக்கும்போது காற்றுக்கு எதிரே நின்று ஒருவர் மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குயினால்பாஸ் போன்ற பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லி என்றால் கண்மணி சுருங்கும், எச்சில் வடியும், உடம்பு வியர்த்துக் கொட்டும். அதற்கு அட்ரோபின் ஊசி உயிர் காக்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி வாய்க்குள் போயிருந்தால் கதை வேறு. அதற்கு முறிவு மருந்தே கிடையாது. ஆக்சிஜனைக்கூட மருத்துவர்கள் யோசித்துத்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் அது நுரையீரல் பாதிப்பைக் கூட்டிவிடும். 'ஏதோ பூச்சிமருந்துங்க' என்று சொன்னால் மருத்துவர் எதைக் கொண்டு சிகிச்சையைத் தொடங்குவார்?

பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்கே சுமார் 20 கிலோமீட்டர் மலைப்பாதை. அதைவிடப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் மலை இறங்க வேண்டும். அவ்வளவு தூரம் போன பிறகு, 'டப்பாவை எடுத்துட்டு வந்தீங்களா?' என்று கேட்டு, வீட்டுக்குப் போன் போட்டு, இருட்டில் டார்ச் அடித்துத் தேடுவது நடக்கிற காரியமா? 108-க்குப் போன் செய்த கையோடு, அந்த டப்பாவையோ பாக்கெட்டையோ ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஆளோடு அனுப்ப வேண்டும். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவலாம். வாந்தி எடுக்கவைக்கும் கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள்

ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று கம்பெனி வைக்கும் வணிகப் பெயர். இது பெரிய எழுத்தில், வண்ணத்தில் இருக்கும். மற்றொன்று மருந்தின் தொழில்நுட்பப் பெயர். இது சிறிய எழுத்தில், சதவீதத்தோடு இருக்கும். வணிகப் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே இருக்கும் சரக்கைச் சொல்வது சிறிய எழுத்துதான். 'எம் நாப்பத்தஞ்சு' என்று நாம் கேட்பது மான்கோசெப். 'ரோகர்' என்பது டைமெத்தோயேட். 'பாவிஸ்டின்' என்பது கார்பன்டசிம். 'கான்ஃபிடார்' என்பது இமிடாகுளோபிரிட்.

தொழில்நுட்பப் பெயரையும் பாதியாக நினைவு வைத்தால் போதாது. கீழே உள்ளவை அடிக்கடி குழப்பும் பெயர்கள். கத்தரித்து மருந்து வைக்கும் இடத்தில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

இமாமெக்டின்: புழுவுக்கான பூச்சிக்கொல்லி. இமிடாகுளோபிரிட்: சாறு உறிஞ்சும் பூச்சிக்கு. இமாசெத்தாபைர்: களைக்கொல்லி. சோயா, நிலக்கடலை போன்ற பயிர்களுக்கானது. பூண்டுப் பாத்தியிலும் கேரட்டிலும் பட்டால் பயிர் கெடும்.

கார்பன்டசிம்: பூசணக்கொல்லி. கார்போபியூரான்: மண்ணில் இடும் குருணை, பூச்சிக்கொல்லி. இதைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது உயிருக்கே ஆபத்து.

புரோபிகோனசோல்: பூசணக்கொல்லி. புரபனோபாஸ்: பூச்சிக்கொல்லி.

மெட்டலாக்சில்: பூசணக்கொல்லி. மெட்ரிபூசின்: களைக்கொல்லி.

டிஏபி: உரம். டிடிவிபி: பூச்சிக்கொல்லி, 2020 இறுதியோடு தடை செய்யப்பட்டது. பயறு வகைகளுக்கு 2 சதவீத டிஏபி கரைசல் தெளிக்கும் வழக்கம் உள்ளதால், போனில் சொல்லி வாங்கிவரச் செய்யும்போது இந்தக் குழப்பம் வரக்கூடாது.

உரமூட்டையில் எண்ணைப் பாருங்கள்

உரத்திலும் இதே கதைதான். 'பாக்டம்பாஸ்' என்பது கொச்சிக்கு அருகே உள்ள பாக்ட் நிறுவனத்தின் வணிகப் பெயர். பலர் எந்தக் கலப்பு உரத்தையும் அந்தப் பெயராலேயே சொல்கிறார்கள். அசல் பாக்டம்பாஸ் 20:20:0:13 வகை. அதாவது தழைச்சத்து 20, மணிச்சத்து 20, சாம்பல்சத்து இல்லை, கந்தகம் 13 சதவீதம். கந்தகம் பூண்டுக்கு நல்லதுதான். ஆனால் 'கலப்பு உரம் போட்டாச்சு, எல்லாச் சத்தும் போய்ச் சேர்ந்தாச்சு' என்று உருளைக்கிழங்குக்காரர் நினைத்தால், சாம்பல்சத்து ஒரு பிடிகூட வயலுக்குப் போயிருக்காது. கிழங்கு பருக்க வேண்டிய நேரத்தில் அது தெரியும். மூன்று சத்தும் வேண்டும் என்றால் 17:17:17 அல்லது 10:26:26 என்று எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். 20:20:0:13 போட்டிருந்தால் பொட்டாஷைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

2022 அக்டோபர் முதல் மானிய உரங்கள் எல்லாம் 'பாரத் யூரியா', 'பாரத் டிஏபி', 'பாரத் என்பிகே' என்று ஒரே பெயரில் வருகின்றன. தயாரித்த கம்பெனியின் பெயர் மூட்டையில் ஒரு பகுதியில் மட்டும் இருக்கும். பழகிய பெயரையும் படத்தையும் பார்த்து மூட்டையை அடையாளம் காணும் காலம் போய்விட்டது. இனி எண்தான் பெயர்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. தீர்ந்துபோன பழைய டப்பாவின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாயால் சொல்வதைவிடப் படத்தைக் காட்டுவது மேல். வேறு ஆளை அனுப்பினால் படத்தையும் அனுப்புங்கள்.

2. கேட்க வேண்டியது நான்கு: தொழில்நுட்பப் பெயர், சதவீதம், தூளா திரவமா குருணையா என்பது, எந்தப் பயிரில் எந்தப் பூச்சி அல்லது நோய்க்கு என்பது.

3. முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கடும் நஞ்சு, நீலம் மிதமானது, பச்சை குறைந்தது. பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று பொருள் அல்ல.

4. பில் கேட்டு வாங்குங்கள். அதில் மருந்தின் பெயரும் தொகுப்பு எண்ணும் இருக்க வேண்டும். பயிருக்குக் கேடு வந்து முறையிடப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.

5. வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் உறையை உரக்கப் படித்த பிறகே பாக்கெட்டைப் பிரியுங்கள். உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டுப் பிரசுரத்தை எறிய வேண்டாம்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: கேட்ட மருந்து இல்லை என்றால், 'இதுவும் அதேதான்' என்று வேறு பெயரில் கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: சிறிய எழுத்தில் உள்ள தொழில்நுட்பப் பெயர், சதவீதம், மருந்தின் வடிவம் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் வாங்கலாம். ஒன்று மாறினாலும் அளவு மாறும். உதாரணமாக, இமிடாகுளோபிரிட் 17.8 சதவீதத் திரவமாகவும் வருகிறது, 70 சதவீதக் குருணைத் தூளாகவும் வருகிறது. திரவத்துக்குப் பழகிய அளவில் தூளைப் போட்டால் மருந்து ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். பெயரே வேறு என்றால், கடைக்காரர் சொல்கிறார் என்பதற்காக வாங்காமல், தோட்டக்கலை அலுவலரைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்திலும் (1800-180-1551) கேட்கலாம்.

கேள்வி: பெரிய பாட்டிலாக வாங்கி இரண்டு மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிறோம். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதில் தவறு உண்டா?

பதில்: பெரிய தவறு. உறை இல்லாத மருந்து, பெயர் இல்லாத மருந்து. குளிர்பான பாட்டிலிலும் மது பாட்டிலிலும் ஊற்றிவைத்த மருந்தைக் குழந்தைகளும் பெரியவர்களும் தெரியாமல் குடித்த துயரங்கள் பல. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக அங்கே பெயரும் இருக்காது. செலவைப் பங்கு போடுங்கள், மருந்தைப் பங்கு போடாதீர்கள். தேவைக்கு ஏற்ற சிறிய அளவை வாங்குங்கள். வாங்கியதை அதன் சொந்த டப்பாவிலேயே, சமையலறைக்கு வெளியே, பூட்டி வையுங்கள். களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயர் வைத்திருப்பது நல்லது.

கேள்வி: அப்பா காலத்திலிருந்து 'திமெட்' குருணைதான் போடுகிறோம். இப்போது கடையில் இல்லை என்கிறார்கள். வேறு எங்கே கிடைக்கும்?

பதில்: தேட வேண்டாம். திமெட் என்பது போரேட் என்ற நஞ்சின் வணிகப் பெயர். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அதை விற்கவும் பயன்படுத்தவும் தடை. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கொடுத்தால், அது பழைய சரக்காகவோ வேறு ஏதோவாகவோதான் இருக்கும். வீட்டில் மிச்சம் இருந்தால் ஓடையிலோ குழியிலோ கொட்டாமல், கட்டி வைத்து, தோட்டக்கலை அலுவலகத்தில் தெரிவித்து அவர்கள் சொல்வதுபோல் செய்யுங்கள். அதேபோல் 'மோனோ' என்று கேட்கும் பழக்கத்தையும் விட வேண்டும். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் அடிக்க 2005-லேயே தடை வந்துவிட்டது.

கேள்வி: வடுகபட்டிச் சந்தையில் எங்கள் பூண்டை 'மலைப்பூண்டு' என்றுதான் சொல்கிறோம். எந்த ஊர்ப் பூண்டையும் அப்படியே சொல்லி விற்கிறார்கள். பெயரில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்ற பெயருக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. காரமும் நெடியும் மிகுந்து, நாள்பட இருப்பு வைக்கத் தாங்கும் உங்கள் பூண்டுக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு அது. 'மலைப்பூண்டு' என்று பாதிப் பெயரைச் சொன்னால் எந்த மலையின் பூண்டும் அதற்குள் நுழைந்துவிடும். 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்று முழுப் பெயரைச் சொன்னால் வேறு ஊர்ச் சரக்கை அந்தப் பெயரில் விற்பது சட்டப்படி குற்றம். குறியீட்டு முத்திரையை மூட்டையில் போட விரும்பும் விவசாயிகள், சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தனித்தனியாக அலைவதைவிட, உழவர் குழுவாகச் சேர்ந்து தோட்டக்கலைத் துறை மூலம் விண்ணப்பிப்பது எளிது.

கம்பெனிக்காரர் தன் பெயரை ஊரெல்லாம் சொல்லவைக்கப் பெரும் பணம் செலவழிக்கிறார். பூம்பாறை விவசாயிக்கு அந்தப் பெயர் மண்ணிலேயே விளைந்து கிடைத்திருக்கிறது. சந்தைக்கு அடுத்த மூட்டை இறங்கும்போது, சீட்டில் அதை முழுதாக எழுதிக் கட்டுங்கள்.